பதினாலாம் எண் உலர்த்தி

நோன்பு மாதத்தில் கெட்டுப்போனது பதினாலாம் எண் உலர்த்தி.
ரிப்பேர் ஆள் ஈப்போவிலிருந்து வருகிறான் வருகிறான் என்று
முதலாளி மேய் சுவான் மூன்று மாதமாய்ச் சொல்கிறாள்.
வராமலே இருக்கட்டும்.
அதன் வட்டக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்
என் நாவல்கள் இருக்கின்றன.

சுங்கை சிப்புட் பஸ் நிலையத்துக்குப் பின்புறம்
இருபத்துநாலு மணி நேர டோபி. இரவுக்கு நான்.

முப்பத்தாறு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காதல் கதையா
என்று சிரிக்கிறாள் அண்ணி.
எனக்குப் பதினேழு வந்தபோது நான் வீட்டில் இல்லை,
கையுறை ஆலையில் இரவு ஷிப்டில் இருந்தேன்.
வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.
இப்போது அதைத் தவணையில் வாங்குகிறேன்,
பாசார் மாலாமில், புத்தகம் ஆறு வெள்ளி.

காது கேட்கும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு
முத்தமிடப் போகிறாள் ஒருத்தி.
தூடோங் கட்டியவள் பூப்பந்து கலப்பு இரட்டையரில்
தோற்கத் தோற்க ஜோடிக்காரனோடு சண்டை போடுகிறாள்;
நூற்றெண்பதாம் பக்கம்வரை சண்டைதான், தாங்கவே முடியவில்லை.
சக்கர நாற்காலிப் பையன் ஒருவன்
யாருக்கும் நம்பிக்கை ஊட்ட வரவில்லை,
சும்மா பொறாமைப்படுகிறான்.
ஒரே குடையில் இரண்டு பெண்கள்.
கடைசியில் இருவருமே சாகவில்லை.
அதற்காகவே இன்னொரு தரம் படித்தேன்.

அப்புறம் அந்த நீல அட்டைக்காரி.
முதல் பக்கத்திலேயே என் நிறம்.
'கறுப்புதான், ஆனாலும் களையான முகம்' என்று
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்
அம்மா பொரித்த கறிபாப்பைக் கடித்தபடி சொன்னார்கள்.
முன்னூற்றுப் பத்துப் பக்கமும் தேடினேன்,
அந்த 'ஆனாலும்' எங்கேயும் இல்லை.
நடுச்சாமம். நாலு இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.
எழுந்து நின்றுவிட்டேன்.
நேப்பாளத்துப் பையன் ஒருவன் காலுறை மடித்துக்கொண்டிருந்தான்.
அவனிடம் முழுக் கதையையும் சொன்னேன், பாதி மலாயில், பாதி கையால்.
'பாகுஸ்' என்றான், பயந்துபோய்.

மறுநாள் கதவில் எழுதி ஒட்டினேன்:
துணி காயும்வரை படிக்கலாம். எடுத்த இடத்தில் வைக்கவும்.

மூன்றாம் வாரம் நீல அட்டையில்,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்க ஓரத்தில், பென்சிலில்:
'இவன் இப்பவே சொல்லிடணும்.'
கீழே நான் எழுதினேன்: 'அவசரப்படாதீங்க.'
அடுத்த வாரம்: 'பஸ் கிளம்பிருச்சே!'
மருந்துக்கடைப் பெண்ணாய் இருக்கும் என்று நினைத்தேன்.
படிவம் நான்கு படிக்கும் யாரோ என்றும் நினைத்தேன்,
எழுத்து அவ்வளவு குண்டு.

வியாழக்கிழமை, மழை.
செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர் ரூபேந்திரன்,
முள் கிழித்த முழங்கையோடு,
இத்தனை வருடத்தில் என்னிடம் பேசியதெல்லாம் 'சில்லறை இருக்கா',
பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்திருந்தார்.
மடியில் நீலம்.
காதிடுக்கில் பென்சில்.

நாலாம் எண் வடிகட்டியில் பஞ்சு எடுப்பதாய் நடித்தேன்.
காலையில்தான் கழுவிய வடிகட்டி.

'அந்தப் பொண்ணு லெட்டரப் பிரிப்பாளா?' என்றார்.
கண் சிவந்திருந்தது.
சோப்புத் தூள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.
சொல்லவில்லை.

எனக்கு முடிவு தெரியும். மூன்று தடவை தெரியும்.
'எத்தனாவது பக்கம்?' என்று மட்டும் கேட்டேன்.
'எரநூத்தி நாப்பது.'

இன்னும் எழுபது.
வெளியே லாரி குலைகளோடு நனைகிறது.
அவருடைய சட்டைகள் காய்ந்து,
இயந்திரம் கூவி ஓய்ந்து, பதினோரு நிமிடமாகிறது.
என் பையிலிருந்து ஒரு டோக்கன் போட்டு
காய்ந்த துணியையே மறுபடி சுற்றவிட்டேன்.